உருளும் இல்லம்: மோட்டார் வீடா, இழுவை வீடா?



வீட்டை விற்று வண்டியை வாங்கி, அவ்வண்டியையே இல்லமாகக் கொண்டு ஆண்டு முழுவதும் ஊர் ஊராக வாழும் மக்கள் ஐக்கிய அமெரிக்காவிலே மிகப் பலர் உளர். அவர்களுட் பலர் தொழிலிலிருந்து இளைப்பாறிய முதியோர். வாழ்நாள் முழுவதும் சேமித்த பொருளை ஒரேயொரு வண்டியில் இடுவதற்கு முன்னர் அவர்கள் எதிர்நோக்கும் வினா ஒன்றுண்டு. எந்திரமும் இல்லமும் ஒன்றாய் அமைந்த மோட்டார் வீட்டை வாங்குவதா? அன்றி, வேறொரு வண்டியாற் கட்டி இழுக்கப்படும் இழுவை வீட்டை வாங்குவதா? மேலோட்டமாக நோக்கின் இது வண்டி வாணிகரின் பேச்சுப் போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், முதுமையையும் தனிமையையும் எவ்வாறு எதிர்கொள்வது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம். அதனையே இன்று உங்களுடன் ஆராய விழைகின்றேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். உலகப் பொருளாதார மந்தம் நிலவிய 1930களில் இழுவை வீடு அமெரிக்காவில் விரைந்து பரவியது. வாலி பையம் என்பவர் 1931ஆம் ஆண்டில் எயர்ஸ்ட்றீம் நிறுவனத்தைத் தொடங்கினார். விமானத்தின் உடலை ஒத்து, அலுமினியத் தகடுகளை ஆணியறைந்து இணைத்த ‘கிளிப்பர்’ என்னும் அவரது இழுவை வீடு 1936இல் வெளிவந்தது. இருபது ஆண்டுகளில் அமெரிக்கரிற் பாதிப்பேர் இத்தகைய வீடுகளிலே வாழ்வர் என்று ரோஜர் பாப்சன் என்னும் பொருளியலார் அக்காலத்தில் ஆரூடம் கூறினார். அது பலிக்கவில்லை. ஆயினும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்கள் எழுந்தபோது உருளும் இல்லங்களுக்குப் புதுவாழ்வு பிறந்தது. ஐயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966இல் மோட்டார் வீடுகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியதும், செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த மோட்டார் வீடு நடுத்தர மக்களின் கைக்கும் எட்டியது. இன்று இவ்வகை வண்டிகளிற் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்திலே, எல்க்காட் என்னும் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மையமாகக் கொண்டு செய்யப்படுகின்றது.

இனி, இவ்விரு வகைகளையும் தெளிவாக அறிந்துகொள்வோம். மோட்டார் வீட்டிற் சாரதியின் இருக்கைக்குப் பின்னாலேயே சமையலறை, கட்டில், குளியலறை யாவும் உள்ளன. பஸ் வண்டியை ஒத்த பெரியது, வான் வண்டிக்குள் அடங்கிய சிறியது, லொறியின் முகப்பும் அதற்குமேற் கட்டிலுமாக அமைந்த இடைத்தரமானது என அது மூவகைப்படும். இழுவை வீட்டுக்கோ எந்திரமில்லை. வண்டியின் பின்புறக் கொளுவியில் மாட்டி இழுக்கப்படுவது ஒருவகை. லொறியின் நடுத்தட்டில், பின்னச்சுக்கு மேலாகப் பூட்டப்படுவது மற்றொரு வகை. பின்னதை அமெரிக்கர் ‘ஐந்தாம் சக்கரம்’ என்பர். எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல் தம் நாய் சார்லியுடன் அமெரிக்காவைச் சுற்றிவந்த வண்டி இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகையானது. லொறியின் முதுகிலே ஒரு சிற்றறையை ஏற்றி, டொன் குவிக்சோட்டின் குதிரைப் பெயரான ‘ரொசினான்ரே’ என்பதை அதற்கு அவர் சூட்டியிருந்தார். அது கலிபோர்ணியாவின் சலீனாஸ் நகரில், அவர் பெயராலமைந்த நிலையத்திலே பேணப்பட்டு வருகின்றது. ஸ்ரைன்பெக் சில மாதங்களில் வீடு திரும்பிவிட்டார். திரும்புதற்கு வீடில்லாதவர்களைப் பற்றியே நாம் இங்கு பேசுகின்றோம்.

தெரிவு செய்வோர் பலரும் முதலிற் கேட்பது எரிபொருட் செலவைப் பற்றியே. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தம்பதியர் ஆண்டுக்கு 6,000 மைல் இல்லத்தோடு இடம்பெயர்கின்றனர். தங்கிய ஊர்களிலே கடைக்கும் வைத்தியரிடமும் செல்ல மேலும் 6,000 மைல் ஓடுகின்றனர் என்று கொள்வோம். பெரிய மோட்டார் வீடு ஒரு கலன் எண்ணெய்க்கு ஏறத்தாழ 8 மைல் ஓடும். அதைக்கொண்டு நாள்தோறும் பால் வாங்கப் போகவியலாது. ஆதலின், அதன் பின்னே ஒரு சிறு காரைக் கட்டி இழுத்துச் செல்வது வழக்கம். அக்கார் கலனுக்கு 30 மைல் ஓடுமாயின், இரண்டுக்குமாக 950 கலன் செலவாகும். இழுவை வீட்டை இழுக்கும் லொறி கலனுக்கு 10 மைலும், வீட்டைக் கழற்றிய பின்னர் 18 மைலும் ஓடுமாயின், மொத்தச் செலவு 933 கலன். வேறுபாடு 17 கலனே. எனவே, எரிபொருளைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முனைவோர் தவறான தராசைக் கையிலெடுத்தவராவர்.

சரியான தராசு வேறு. அது பாரத்தை நிறுக்கும் தராசு. இங்கேதான் அறியாமை உயிருக்கே ஊறு விளைவிக்கின்றது. இந்த லொறி 10,000 இறாத்தல் இழுக்கும் என்று விளம்பரம் கூறும். வாங்குபவரும் 7,000 இறாத்தல் எடையுள்ள இழுவை வீட்டைத் தெரிந்தெடுத்து, இன்னும் மூவாயிரம் மிச்சமென்று மகிழ்வார். ஆனால், இழுவை வீடு நிலையாக ஓடவேண்டுமாயின் அதன் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கு லொறியின் கொளுவியில் அழுந்துதல் வேண்டும். அஃதாவது, 700 முதல் 1,050 இறாத்தல் வரை. லொறி சுமக்கக்கூடிய பாரமோ 1,500 இறாத்தலாக இருக்கலாம். சாரதிப் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டிய தாளிலே அது எழுதப்பட்டிருக்கும். கணவன், மனைவி, கருவிகள், நாய் என 450 இறாத்தலும், பாரத்தைப் பகிரும் கொளுவிக்கு 100 இறாத்தலும் கழித்தால் எஞ்சுவது 950. முழுநேர வாழ்வினர் தம் உடைமை அனைத்தையும் ஏற்றுவதால், அவர்தம் வண்டி எப்போதும் உச்ச எடையிலேயே இருக்கும். 40 கலன் தண்ணீர் மட்டுமே 330 இறாத்தலுக்கு மேற்பட்டது. கொளுவியிற் பாரம் மிகுந்தால் லொறியின் பின்னச்சு தாழும். பாரம் குறைந்தாலோ, பக்கக் காற்று வீசும்போது இழுவை வீடு பாம்பின் வாலைப்போல் அலைந்து, இழுக்கும் வண்டியையும் கவிழ்த்துவிடக்கூடும். ஆதலின், கடையில் விலைபேசுமுன் தாளிலே எடை பேசுதல் வேண்டும். வாங்கியபின், பெருந்தெருவோர லொறித் தரிப்பிடங்களிலுள்ள தராசில் ஒவ்வோர் அச்சையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இவ்வெச்சரிக்கை மோட்டார் வீட்டுக்கும் பொருந்தும். மிகப் பெரிதாய்த் தோன்றும் மோட்டார் வீடுகள் சில, நீரும் ஆட்களும் ஏறியபின் வேறெதையும் சுமக்க இடந்தராதவை.

அடுத்து, ஓடும் நாளையும் நிற்கும் நாளையும் வேறுபடுத்திக் காண்போம். ஓடும் நாளிலே மோட்டார் வீடு வெல்கின்றது. தங்குமிடத்தை அடைந்ததும் மழையில் இறங்காமலே உறங்கப் போகலாம். இரவில் அச்சமுண்டாயின், கட்டிலிலிருந்து எழுந்து சாரதி இருக்கையில் அமர்ந்து புறப்பட்டுவிடலாம். தனித்துப் பயணஞ்செய்யும் பெண்கள் பலர் சிறிய மோட்டார் வீட்டையும் வான் வண்டியையும் விரும்புதற்கு இது முக்கிய காரணம். இழுவை வீட்டையோ பின்னோக்கிச் செலுத்திச் சரியான இடத்தில் நிறுத்தவேண்டும், மட்டம் பார்க்கவேண்டும், சங்கிலியையும் கொளுவியையும் கழற்றவேண்டும். முதுகிலும் முழங்காலிலும் வலுவில்லாதவர்க்கு இது சிறுபணியன்று. நிற்கும் நாளிலோ இழுவை வீடு வெல்கின்றது. வீடு வீடாகவே நிற்க, லொறி தன் வேலைக்குப் போய்வரும். சாரதி இருக்கைக்கும் எந்திரத்துக்கும் இடம் விடவேண்டாமையால், ஒரே நீளத்தில் வாழும் இடமும் கூடுதலாகக் கிடைக்கும்.

முழுநேர வாழ்வினருக்கு நிற்கும் நாள்களே மிகப் பல. அரிசோனாவின் குவாட்சைட் பாலைநிலத்தையே சான்றாகக் கூறலாம். அங்கே அரசாங்க நிலங்களில் நீண்டகாலம் தங்குவதற்கென ஒதுக்கிய பகுதிகளிற் செப்டெம்பர் 15 முதல் ஏப்பிரல் 15 வரை அனுமதி பெற்றுத் தங்கலாம். குளிர் மாநிலங்களிலிருந்து வரும் முதியோர் ஆயிரக்கணக்கில் அங்கு கூடுகின்றனர். ஏழு மாதம் ஓரிடத்தில் நிற்கும் ஒருவர், ஓடாத எந்திரத்துக்கும் விலை கொடுத்து, அதன் ரயர்களும் மின்கலங்களும் வெயிலில் மூப்படைவதைப் பார்த்திருக்க வேண்டுமா என்பது சிந்திக்கத்தக்கது.

எல்லாவற்றிலும் மேலான வினா, எந்திரம் பழுதுற்றால் என்ன நிகழும் என்பதாகும். நம் நாட்டு மாட்டுவண்டிலை எண்ணிப் பாருங்கள். மாடு நொண்டினால் வேறு மாட்டைப் பூட்டலாம். வண்டில் வண்டிலாகவே இருக்கும். மாடும் வண்டிலும் ஓருடலாகப் பிறந்திருந்தால் என்செய்வது? மோட்டார் வீட்டின் நிலை அதுவே. எந்திரம் திருத்தப்படும்வரை இல்லம் கராஜிலே கிடக்கும். இல்லத்தார் விடுதியிற் பணங்கொடுத்துத் தங்கவேண்டும். திருத்தத்துக்குரிய உறுப்பொன்று வரச் சில வாரம் செல்லின், அத்தனை வாரமும் அவர்கள் வீடற்றவர்களே. இழுவை வீட்டினர் லொறியை மட்டும் கராஜுக்கு அனுப்பிவிட்டுத் தம் கட்டிலிலே உறங்குவர். கையிருப்புக் குறைந்தவர்க்கு இவ்வேறுபாடு பெரிது. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வண்டிகளிற் குடியேறி, பண்டசாலைகளிலும் பீற்கிழங்கு அறுவடையிலும் கூலிவேலை செய்த முதியோரின் வாழ்வை ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட ‘நோமாட்லாண்ட்’ என்னும் நூல் எடுத்துரைத்தது. அந்நூலைத் தழுவி குளோயி ஜாவோ இயக்கிய படம் 2021இல் ஒஸ்கார் விருது பெற்றது. வண்டி நின்றால் வேலையும் நிற்கும், உறையுளும் நிற்கும் என்பது அத்தகையோர்க்கு அன்றாட அச்சமாகும்.

வாங்குவோர் அறியவேண்டிய சட்டச் செய்திகளும் சில உள. இவ்வண்டிகள் பொழுதுபோக்குக்கும் தற்காலிகத் தங்குதலுக்கும் உரியன என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. நிரந்தர இல்லமாகப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதிவைக்கும் உற்பத்தியாளர் பலர். காப்புறுதியும் முழுநேர வாழ்வுக்கென வேறாகப் பெறப்படல் வேண்டும். பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டியை ஏற்காத தனியார் தங்குமிடங்களும் உண்டு. வாக்குரிமைக்கும் சாரதி அனுமதிப் பத்திரத்துக்கும் ஒரு முகவரி வேண்டும். ஆதலின், மாநில வருமானவரி இல்லாத டெக்சாஸ், புளோரிடா, தென் டகோட்டா ஆகியவற்றில் ஒன்றைப் பலர் தம் மாநிலமாகப் பதிந்துகொள்கின்றனர். 1978இல் தோன்றிய ‘எஸ்கேப்பீஸ்’ என்னும் சங்கம் டெக்சாசின் லிவிங்ஸ்ரன் என்னும் ஊரிலிருந்து உறுப்பினரின் தபாலை அவர்கள் இருக்குமிடத்துக்கு அனுப்பி வைக்கின்றது. இனிப் பயணஞ்செய்ய இயலாத முதியோர் தம் வண்டியிலேயே தங்கியவாறு உதவிபெற, அதே ஊரில் ஒரு பராமரிப்பு நிலையத்தை உருவாக்கியதும் அச்சங்கத்தாரின் முயற்சியே.

அந்நிலையம் தோன்றியதன் காரணத்தை எண்ணினால், நம் ஆராய்ச்சியின் உள்ளீடு விளங்கும். இருவரிற் கணவர் மட்டுமே வண்டி ஓட்டுவார் என்று கொள்வோம். ஒருநாள் அவர் கண்ணொளி மங்குகின்றது; அன்றி, மாரடைப்பால் மடிகின்றார். முப்பத்தைந்து அடி நீளமான வண்டியும் ஒரு மூதாட்டியும் முன்பின் அறியாத ஊரில் நிற்பர். அவ்வண்டியை அவளால் ஓட்டவோ கழற்றவோ இயலாதாயின், அது அவளுக்கு இல்லமா, சிறையா? ஆகையால், இருவரும் தனித்தனியே செலுத்தவும், நிறுத்தவும், நீரும் மின்சாரமும் இணைக்கவும் இயலாத வண்டியை வாங்கலாகாது. எவ்வளவு அழகியதாயினும் அது பெரிது. அத்துடன், புதிய வண்டி தொடக்க ஆண்டுகளிலேயே தன் மதிப்பிற் பெரும்பங்கை இழந்துவிடும். நிலத்துக்கு மீள வேண்டி நேர்ந்தால் ஒரு சிறு உறையுளுக்குப் போதிய பணத்தை, வண்டியில் இடாமல் ஒதுக்கி வைத்தலும் வேண்டும்.

முடிவாக ஒன்று கூறுவேன். வாரந்தோறும் இடம்பெயர விரும்புவோரும், தனித்துச் செல்வோரும், கொளுவி பூட்டும் வலுவற்றோரும் சிறிய மோட்டார் வீட்டைத் தெரிதல் தக்கது. ஒரு பருவம் முழுவதும் ஓரிடத்தில் தங்குவோர்க்கும், பழுது நேரும் காலத்துக்குப் போதிய கையிருப்பு இல்லாதோர்க்கும், அளவாற் சிறிய இழுவை வீடும் அதற்கு மிஞ்சிய வலுவுள்ள லொறியுமே பாதுகாப்பானவை. முழுநேர வாழ்வினரிற் பலர் இரண்டாம் வகையினர் என்பதே என் கருத்து. எவராயினும், இருக்கும் வீட்டை விற்குமுன் ஒரு மாதகாலம் வாடகை வண்டியில் வாழ்ந்து பார்த்தல் நன்று. அம்மாதத்தில் மழை பெய்யும் வாரமொன்று அமையுமாயின் இன்னும் நன்று. இருநூறு சதுரவடிக்குள் இருவர் முகம் கோணாது வாழ முடியுமா என்பதை எந்தக் கணக்கும் கூறமாட்டாது. அந்த மழையே கூறிவிடும்.