தண்ணீர் வருமுன் வாய்க்கால்
(கல்விச் சங்க வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

‘கணினி வழி இசையாக்கமும் ஒழுங்கும்’ என்னும் தலைப்பை விழாக் குழுவினர் எனக்கு அளித்திருக்கின்றனர். நான் இசைப் புலவன் அல்லன், பள்ளி ஆசிரியன். ஆனால், இருக்கின்ற நேரத்தைப் பங்கிட்டு, தொடங்கிய பாடத்தை ஆண்டு முடிவதற்குள் முடித்து வைப்பதே எங்கள் தொழில். எனவே இத்தலைப்பின் பிற்பகுதியைப் பற்றிப் பேசும் தகுதி ஓரளவு எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

இன்று நம் தெருக்களில் கணினியையோ கைப்பேசியையோ கொண்டு இசையமைக்கும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். பகலில் திராட்சைத் தோட்டத்திலும், வாழைத்தார் ஏற்றும் வேலையிலும், கடைகளிலும் உழைத்துவிட்டு, இரவில் இரண்டு மணி நேரம் கணினியின் முன் அமர்கின்றனர். அவர்களிடம் கற்பனைக்குக் குறைவில்லை, ஆர்வத்திற்கும் குறைவில்லை. ஆனால், எத்தனை பாடல்கள் முடிந்திருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலோர் தலை கவிழ்கின்றனர். தொடங்கியவை முப்பது, முடிந்தவை ஒன்றோ இரண்டோ என்பதே பலரது நிலை.

இது திறமைக் குறைவு அன்று, ஒழுங்குக் குறைவு. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஒரு மாலையை வீணாக்கினால், மறுநாள் முழுவதும் அவனுக்கு இருக்கிறது. நம் பிள்ளைக்கோ அந்த இரண்டு மணி நேரம் போனால் போனதுதான். ஆகவே ஒழுங்கு என்பது வசதி படைத்தவர்களின் அலங்காரம் அன்று. நேரம் குறைந்தவர்களின் ஆயுதம்.

நம் கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895-ஆம் ஆண்டு முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. அந்நீரைக் கொண்டு நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைவிக்கிறது. அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல் போகத்திற்கு மதகைத் திறக்கின்றனர். மதகு திறந்த பிறகு வாய்க்கால் வெட்டத் தொடங்கும் உழவனை நீங்கள் கண்டதுண்டா? தூர் வாருவதும் கரை கட்டுவதும் மடை பார்ப்பதும் தண்ணீர் வருமுன் முடிந்திருக்க வேண்டிய வேலைகள். கற்பனை ஊற்றெடுப்பதும் மதகு திறப்பது போன்றதே. அது வரும் நேரத்தில், ‘எந்த மென்பொருளைத் திறப்பது? எந்த முரசொலியைத் தேடுவது? நேற்றைய கோப்பு எங்கே?’ என்று அலைந்தால், நீர் வயலுக்குச் சேராமல் பள்ளத்தில் வடிந்துவிடும்.

நம் பறைக் கலைஞர்களிடமும் இப்பாடத்தைக் காணலாம். தீ மூட்டித் தோலைக் காய்ச்சி, குரல் ஏறிவிட்டதா என்று தட்டிப் பார்த்த பின்னரே அவர்கள் அடியெடுத்து வைக்கின்றனர். ஆடிக்கொண்டிருக்கும்போது இடையில் நின்று காய்ச்சத் தொடங்கினால் ஆட்டத்தின் வேகம் அற்றுப்போகும். ஆயத்தம் வேறு, ஆட்டம் வேறு என்பதை அவர்கள் யாரிடமும் பாடம் கேட்டுக் கற்கவில்லை, தொழிலிலேயே கற்றனர்.

இனி, நம் மண்ணிலிருந்தே எழுந்த பெரும் சான்று ஒன்றைச் சொல்கிறேன். 1943-ஆம் ஆண்டு நம் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தவர். பிறகு சென்னைக்குச் சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையையும் அதனை எழுதும் முறையையும் பயின்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார்.

ஒரு மனிதரால் இவ்வளவு எவ்வாறு இயன்றது? அருள் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர் வேலை செய்த முறையைப் பார்த்தால் நமக்குப் பயன் உண்டு. அவர் இசையை முதலில் தாளில் எழுதிவிடுவார். வயலினுக்கு இது, குழலுக்கு இது, கிதாருக்கு இது என்று ஒவ்வொன்றும் இசைக்குறிப்பாக முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். உதவியாளர்கள் அவற்றைத் தனித்தனியே படியெடுத்துக் கலைஞர்களுக்கு வழங்குவர். ஒத்திகை நடக்கும், பதிவு நடக்கும். அக்காலத்தில் பல கலைஞர்கள் ஒருசேர அமர்ந்து வாசித்தனர். ஒருவர் தவறினாலும் மீண்டும் வாசிக்க வேண்டும். அத்தகைய இடத்தில் தயக்கத்திற்கு விலை அதிகம். எனவே முடிவெடுக்கும் வேலை தாளில் முடிந்தது. கூடத்தில் நிறைவேற்றும் வேலை மட்டுமே எஞ்சியது.

அவர் பழைய கருவிகளோடு நின்றுவிடவும் இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ‘மிடி’ என்னும் பொது முறை 1983-இல் வெளிவந்தது. 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே அவர் கணினி இசையைக் கையாண்டார். கருவி மாறியது, முன்கூட்டித் தீர்மானிக்கும் பழக்கம் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒழுங்கும் ஒன்று உண்டு. ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தது. கலைஞர்களைத் தம் போக்கில் வாசிக்கவிட்டுப் பதிவு செய்து வைத்து, பின்னர் அவற்றிலிருந்து தேர்ந்து, அடுக்கி, வெட்டி, ஒட்டிப் பாடலாக்குவது அவர் முறைகளுள் ஒன்று. முதலாமவர் எழுதிவிட்டுப் பதிகிறார். இரண்டாமவர் பதிந்துவிட்டுத் தேர்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவானது ஒன்று: வேலைக்கு முன் கூடம் ஆயத்தமாக இருந்தது, பதிந்தது பதிந்த இடத்தில் கிடைத்தது.

இளைஞர்களே, இனி உங்கள் வேலைக்கு வருவோம். இசையாக்கத்தை நான்கு வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆயத்தம், ஆக்கம், செப்பம், நிறைவு என்பவை அவை. இவற்றை ஒரே இரவில் கலப்பதுதான் பெரும்பாலான பாடல்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம். மெட்டுப் போடும்போதே முரசொலியின் கூர்மையைத் திருத்தப் போகிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் மெட்டு மறந்திருக்கும்.

முதலாவது ஆயத்தம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இதற்குப் போதும். எஃப்எல் ஸ்டுடியோவோ, ரீப்பரோ, இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸ்ஸோ, ஏதேனும் ஒரு மென்பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓராண்டிற்கு அதை மாற்றாதீர்கள். அதில் ‘டெம்ப்ளேட்’ எனப்படும் வார்ப்புக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். தாளத்திற்கு, பறைக்கு, அடிநாதமாகிய பாஸுக்கு, கீபோர்டுக்கு, குரலுக்கு என்று தடங்கள் பெயரிடப்பட்டு ஆயத்தமாக இருக்கட்டும். ஆயிரக்கணக்கான ஒலிகளை இறக்கி வைப்பதில் பயனில்லை. நன்றாகப் பழகிய முப்பது ஒலிகளை ஒரு தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியைத் திறந்த சில நிமிடங்களில் முதல் ஒலி எழ வேண்டும். அதுவே ஆயத்தத்தின் அளவுகோல்.

இரண்டாவது ஆக்கம். வாரத்தில் மூன்று மாலைகளை இதற்கு ஒதுக்குங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். ஒரு பாடலின் வேகம் நிமிடத்திற்கு 100 தட்டு. ஒரு பாருக்கு 4 தட்டு. அப்படியானால் ஒரு பாரின் நீளம் 2.4 நொடி. நான்கு நிமிடப் பாடலுக்கு 100 பார்கள் வேண்டும். நம் பிள்ளைகள் பலர் எட்டுப் பார்களைச் செய்து, அதையே சுழலவிட்டு, மாதக் கணக்கில் மெருகேற்றுகின்றனர். எட்டுப் பார்கள் ஏறத்தாழ 19 நொடி மட்டுமே! கதவுக்குச் சித்திர வேலை செய்கிறோம். வீட்டுக்குச் சுவர் எழுப்பவில்லை.

ஆகையால் எட்டுப் பார்கள் பிடித்தமாக அமைந்த அன்றைக்கே முழுப் பாடலின் எலும்புக்கூட்டை நிறுத்திவிடுங்கள். முன்னிசைக்கு 8, பல்லவிக்கு 16, முதல் இடையிசைக்கு 16, சரணத்திற்கு 16, மீண்டும் பல்லவிக்கு 8, இரண்டாம் இடையிசைக்கு 12, இரண்டாம் சரணத்திற்கு 16, நிறைவுப் பல்லவிக்கு 8, ஆக 100. இதை மாற்றிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மாற்றுவதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? வெற்றிடங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், கை தானாக அவற்றை நிரப்பத் தேடும்.

ஆக்கத்தின்போது குறை தோன்றினால் திருத்தப் போகாதீர்கள். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, ‘பிறகு’ என்று தலைப்பிட்டு, அதில் குறித்துவிட்டு முன்னேறுங்கள். புதிய மென்பொருளைச் சோதிப்பதும், பாடம் நடத்தும் காணொளிகளைப் பார்ப்பதும் ஞாயிற்றுக்கிழமை வேலை. வயலில் நிற்கும்போதோ பேருந்தில் போகும்போதோ மெட்டுத் தோன்றினால், கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிந்துவிடுங்கள். வாரம் ஒருமுறை அவற்றைக் கேட்டுத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கணினியின் வலிமை அறிந்தும் வேலை வாங்க வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஒலி பதிவாகிறது. ‘பஃபர்’ அளவை 128 என்று வைத்தால் ஏறத்தாழ 3 மில்லி நொடித் தாமதம். 1024 என்று வைத்தால் ஏறத்தாழ 23 மில்லி நொடி. வாசித்துப் பதியும்போது தாமதம் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் விரலுக்கும் செவிக்கும் பிணக்கு வரும். செப்பம் செய்யும்போது அளவைக் கூட்டினால் பழைய கணினியும் திணறாது. முடிந்த தடங்களை ஒலிக்கோப்பாக மாற்றிவிட்டால் சுமை மேலும் குறையும். அத்தோடு, மீண்டும் மீண்டும் மனத்தை மாற்றும் பழக்கமும் குறையும்.

மூன்றாவது செப்பம். இதற்கு ஒரு மாலை. ‘பிறகு’ தாளை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஒலியைத் தாழ்வாக வைத்துக் கேளுங்கள். களைத்த காது பொய் சொல்லும்.

நான்காவது நிறைவு. இதற்கு ஒரு நாளைக் குறியுங்கள். அந்நாளில் பாடல் எந்நிலையில் இருந்தாலும் முழுவதுமாக ஒரு கோப்பாக்கி, நான்கு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். முடித்த பத்துப் பாடல்கள் கற்பிப்பதை, முடிக்காத நூறு பாடல்கள் கற்பிக்க மாட்டா.

ஒவ்வோர் இரவும் எழுந்திருக்குமுன் இரண்டு கடமைகள் உண்டு. நாளை முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரே வரியில் எழுதி வையுங்கள். ‘இரண்டாம் சரணத்திற்குக் குழல் சேர்’ என்பது போன்ற ஒரு வரி போதும். மறுநாள் அரை மணி நேரம் தயங்க வேண்டியிராது. அடுத்து, கோப்பைப் பெயரிட்டுச் சேமியுங்கள். ஆண்டு, மாதம், நாள், பாடல் பெயர், வேகம், எத்தனையாவது படி என்ற வரிசை இருக்கட்டும். ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றெல்லாம் பெயரிட்டால் ஒரு மாதத்தில் உங்களுக்கே விளங்காது.

மூன்று இடங்களில் படி இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். நம் குடியிருப்புகளில் மின்சாரம் நின்று வருவதையும், மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபது தடங்கள் கொண்ட நான்கு நிமிடப் பாடல், 24 பிட் ஒற்றை ஒலியாகப் பதிந்தால், ஏறத்தாழ 640 எம்பி ஆகும். ஒரு 64 ஜிபி பென்டிரைவில் தொண்ணூறு பாடல்களுக்கு மேல் அடங்கும். சிறு செலவில் உங்கள் ஓராண்டு உழைப்பைக் காக்கலாம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நம் பாட்டிமார்களின் ஒப்பாரியையும், நடவுப் பாட்டையும், பெரியவர்களின் பறையடியையும் நீங்கள் பதிவு செய்கிறீர்கள். மகிழ்ச்சி. அக்கோப்புறையிலேயே பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர், ஊர், நாள், அவர் இசைவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். கொடுத்தவர் பெயர் தெரியாமல் பிறர் எடுத்து ஆண்ட கலைகள் நம்மிடம் ஏராளம். அந்தத் தவற்றை நம் பிள்ளைகளே நம் பெரியவர்களுக்குச் செய்தல் ஆகாது. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதி செய்தது. உரிமை கேட்கும் நாளில் ஒழுங்காகத் தேதியிட்டு வைத்த கோப்புகளே உங்கள் பட்டா.

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தோடு நிறுத்தாமல் வினைசெயல்வகைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஊக்கம் மட்டும் போதுமென்றால் இரண்டாவது எதற்கு? ஊக்கம் உங்களிடம் உண்டு; செயல்வகையைக் கைக்கொள்ளுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் ஒரு மேசையை இப்பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு பொதுக் கணினியும், படிகளைக் காத்து வைக்க ஒரு ஹார்டு டிஸ்க்கும், யார் எந்நேரம் அமர்வது என்ற அட்டவணையும் இருந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த அட்டவணையில் வசதியான நேரம் இருக்க வேண்டும். பள்ளித் தேர்வுக் காலத்தில் மேசையைப் பூட்டி வைக்கவும் சங்கத்திற்கு உரிமை உண்டு. தலைமையாசிரியன் என்ற முறையில் அதையும் சொல்லிவைக்கிறேன்.

இளைஞர்களே, ஒவ்வொருவரும் மூன்று மாதத்தில் ஒரே ஒரு பாடலை முழுமையாக முடித்து இச்சங்கத்தில் ஒலிக்கச் செய்யுங்கள். சிறிதாயினும் முழுமையானதைக் கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.