வேலை கிடைத்த பிறகுதான் சட்டமா?

(மலாக்கா, ஜாசின் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செம்பனைக் குலை அறுத்துப் பிள்ளையைப் பட்டதாரி ஆக்கினீர்கள். இன்று அந்தப் பிள்ளை ஆயர் குரோவில் பேரங்காடிக் கல்லாவில் நிற்கிறது. பி.டி.பி.டி.என். கடன் மட்டும் வீடு தேடி வருகிறது. இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. உயர்கல்வி முடித்து வேலை செய்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பதாக அரசாங்கப் புள்ளிவிவரத் துறையே சொல்கிறது.

"என் மகனுக்கு மார்க் போதவில்லையா, சார்?" என்று ஓர் அம்மா கேட்டார். மார்க் மட்டுமே காரணம் இல்லை, அம்மா. லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கற்பனைப் பட்டதாரிகளின் பெயரில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவு இது: நூறு விண்ணப்பத்தில் சீனப் பெயருக்கு ஏறக்குறைய 22 அழைப்பு, மலாய்ப் பெயருக்கு 4. அந்தச் சோதனையில் நம் பெயர் சேர்க்கப்படவே இல்லை!

சரி, சட்டம் என்ன செய்கிறது? அரசியலமைப்பின் 8-ஆவது விதி அரசாங்க வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது, அதுவும் விதிவிலக்குகளோடு. தனியார் நிறுவனத்தை அது தொடாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 69எஃப் என்ற பிரிவு நடப்புக்கு வந்தது. பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் துறை விசாரிக்கலாம். ஆனால் யாருடைய புகாரை? "தொழிலாளிக்கும் முதலாளிக்கும்" இடையிலான தகராறை மட்டும். வேலை கேட்டுப் போனவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! வேலை தேடுவோரையும் சேர்ப்பதாக மனிதவள அமைச்சு முன்பு பேசியது. முதலாளிகள் தரப்பு எதிர்த்தது. சட்டம் வந்தபோது அது இல்லை.

அதுவரை கைகட்டி இருக்க முடியாது. படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தொழிற்பயிற்சிக் காலத்தைச் சித்தப்பா கடையில் முத்திரை வாங்கிக் கழிக்காதீர்கள். பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் இடம் கேளுங்கள். அன்று தோட்டத்தில் கிராணி ஒரு வார்த்தை சொன்னால் செக்ரோலில் பேர் ஏறும். இன்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடியவர் உங்களைப் பயிற்சியில் பார்த்த மேற்பார்வையாளர்தான். பட்டம் வாங்கியவர்கள் சொக்சோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸில் பதியுங்கள், காசு வேண்டாம். வெளிநாட்டவரை எடுக்க விரும்பும் நிறுவனம் முதலில் அந்த வேலையை அங்கே விளம்பரம் செய்ய வேண்டும் என்பது 2021 முதல் விதி.

"மாண்டரின் கட்டாயம்" என்ற விளம்பரமா? சீன வாடிக்கையாளரிடம் பேசும் வேலை என்றால் நியாயம். ஸ்டோரில் சரக்கு எண்ணவும் மாண்டரினா? அந்த விளம்பரத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள், அனுப்பிய விண்ணப்பத்தையும் சேர்த்து. சட்டத்தைத் திருத்தக் கேட்கும்போது கண்ணீரைவிடக் காகிதம் உதவும்.

1967-இல் இதே வட்டாரத்துப் புக்கிட் அசகான் தோட்ட மக்கள் வேலைக்காகக் கோலாலம்பூர் வரை நடந்தார்கள். உங்களை நான் நடக்கச் சொல்லவில்லை. மலாக்காவில் 6 நாடாளுமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அரிசிப் பை கேட்காதீர்கள். 69எஃப் பிரிவில் "வேலை தேடுவோர்" என்ற சொல்லைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் பேசுவாரா என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.