கடைவரம்பு வயலுக்கு நஷ்டஈடு

(நாஞ்சில் நாட்டு விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர், தோவாளைச் சானல், அனந்தனாறு முதலிய கால்வாய்களின் வழியே நம் வயல்களை வந்தடைகின்றது. தலைமடையில் முறைக்கு மேல் நீரை இழுத்துக்கொண்டால், கடைவரம்பில் கும்பப்பூப் பயிர் கதிர் விடும் தறுவாயில் காய்கின்றது. இலாபம் ஒருவருக்கு, நஷ்டம் மற்றொருவருக்கு. கேட்டால், “நான் எடுத்தது ஒரு மடைத் தண்ணீர்தானே, அதனாலா உங்கள் பயிர் போயிற்று?” என்பார். அவர் கூறுவது முழுப் பொய்யுமன்று!

ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கும் நிலைமைகளை ஆராயும் கணிதத்திற்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். (சீட்டாட்டக்காரர்கள் மகிழ வேண்டாம்.) அதில் லாயிட் ஷாப்லி என்னும் அமெரிக்க அறிஞர் 1953-இல் வகுத்த முறை நமக்கு உதவும்.

வடக்குவயல்காரர் மட்டும் கூடுதலாக நீர் எடுத்தால் நஷ்டமில்லை; தெற்குவயல்காரர் மட்டும் எடுத்தால் 1,000 ரூபாய் நஷ்டம்; இருவரும் எடுத்தால் 6,000 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். வடக்கர் முதலில் மடை திறந்தால் அவரால் நஷ்டம் ஏதுமில்லை; பின்னர் திறந்தால் அவரால் கூடுவது 5,000. சராசரி 2,500. தெற்கர் முதலில் திறந்தால் 1,000. பின்னர் திறந்தால் 6,000. சராசரி 3,500. இரண்டையும் கூட்டினால் 6,000 சரியாக வருகின்றது. யார் முந்தினார் என்ற வழக்கிற்கே இடமில்லை.

கூடுதல் நீரால் அவ்விருவர்க்கும் கிடைக்கும் இலாபம் 4,000 ரூபாய்தான் எனில், 6,000 ரூபாய் ஈடு கொடுத்து அதனை எடுக்க மனம் வருமா? மடை தானே அடைபடும்.

கேடு விளைவித்தவரே ஈடு தர வேண்டும் என்பது சட்டத்திலும் நிலைபெற்றுள்ளது. பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு ஈடும், கெட்ட மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவும் மாசுபடுத்தியவரையே சாரும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் குடிநீர் கெட்டபின் தரப்படும் பணம் எவ்வளவாயினும் குறைவே.

நம் கணக்கிற்கு வேண்டியது, எந்த மடை எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்ற விவரம். பயிர் காய்ந்தபின் அதை எழுதினால் எவரும் ஒப்புக்கொள்ளார். ஆகவே, கன்னிப்பூ நடவிற்கு முன்பே நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தார் தலைமடை, கடைவரம்பு ஆகிய இருதரப்பாரையும் அழைத்து, இருவரும் கையொப்பமிடும் மடைக்குறிப்பு நோட்டு ஒன்றைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.