குடியரசும் குடிகளும்: காங்கேசன்துறைத் தொகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

மன்னன் இல்லாத அரசே குடியரசு என்று பாடநூல்கள் தரும் வரைவிலக்கணம் பிழையானது அன்று. ஆயினும் அது குடியரசில் இல்லாததைச் சொல்கிறதே தவிர, இருக்கவேண்டியதைச் சொல்வதில்லை. உரோமர் வழங்கிய 'ரெஸ் புப்ளிக்கா' என்ற தொடருக்குப் பொதுப் பொருள், அதாவது எல்லோருக்கும் உரிய உடைமை, என்பதே நேர்ப்பொருள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிசரோ அதனை மக்களின் உடைமை என்று விளக்கியதோடு நில்லாமல், வெறுமனே ஓரிடத்தில் திரண்டவர்கள் மக்கள் ஆகார் என்றும், நீதி இன்னது என்பதில் உடன்பட்டு நன்மையில் பங்குகொண்டு இணைந்தவர்களே மக்கள் என்றும் வரையறுத்தார். அவ்வாறாயின், ஒரு நாட்டில் வாழ்வோருள் ஒரு சாரார் அந்த உடன்பாட்டுக்குப் புறத்தே நிறுத்தப்படும்போது, மன்னன் போயிருக்கலாம், குடியரசு வந்துவிடவில்லை என்பதே முடிபாகும். இலங்கையின் வட கரையில் மயிலிட்டி அடங்கிய காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதி, நாடு குடியரசான 1972 முதல் கண்டவை இம்முடிபோடு வைத்து எண்ணத்தக்கவை.

தமிழில் வழங்கும் 'குடியரசு' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. குடி என்பது குடும்பம், குலம், ஆளப்படும் மக்கள் எனப் பல பொருள்களைத் தாங்கிய பழஞ்சொல். யாழ்ப்பாணத்து வழக்கிலோ குடிமகன் என்றால் அரசுரிமையில் பங்குள்ளவன் என்ற பொருள் அண்மைக்காலம்வரை முதலில் தோன்றியதில்லை. உயர்சாதி வீடுகளுக்குப் பரம்பரையாகத் தொண்டு செய்யக் கட்டுப்பட்டவர்களையே அச்சொல் குறித்தது. அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் இந்தக் குடிமை முறை நின்று நிலைத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னும், மயிலிட்டிக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமைக்காகப் போராட நேர்ந்தது. கொழும்பை நோக்கிக் குடியரசுக் கோட்பாட்டைப் பேசும் எவரும் 1968இன் அந்தக் கோயில் வாசலைத் தாண்டிச் சென்றுவிடல் முறையன்று.

இலங்கையில் முழு விடுதலை என்ற கோரிக்கையை முன்னெடுத்தவர்களுள் யாழ்ப்பாணத்து இளைஞர் முதல்வரிசையில் நின்றனர். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1927இல் காந்தியடிகளை வரவேற்றது. 1931இல், பிரித்தானியர் அப்போது வழங்கிய டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியத்தைத் தரவில்லை என்ற காரணத்தால் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. முடிக்குரிய நாடு என்ற நிலையிலிருந்து இலங்கை விடுபடவேண்டும் என்று அன்று விரும்பிய மண், நாற்பது ஆண்டுகளின் பின் அது விடுபட்ட நாளில் அவ்விழாவுக்குப் புறத்தே நின்றது. அதன் காரணம் முடியாட்சிப் பற்று அன்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1970 மே மாதப் பொதுத் தேர்தலில் 151 ஆசனங்களுள் 116ஐ வென்ற ஐக்கிய முன்னணி, புதிய யாப்பை இயற்ற அரசியல் நிர்ணய சபையைக் கூட்டியது. சபை 1970 யூலை 19இல் கொழும்பு றோயல் கல்லூரியின் நவரங்ககலவில் கூடியது. நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டு வேறிடம் தேடியதில் ஒரு கருத்து இருந்தது. அதுவரை நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவரையோ மதத்தவரையோ மட்டும் பாதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்று தடுத்திருந்தது. அக்காலத்தில் இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகமும், 1964இல் ஒரு வழக்கின் தீர்ப்பிடையே, அந்தப் பிரிவு இலங்கைக் குடிகளிடையே கொள்ளப்பட்ட உரிமைச் சமநிலை என்றும் மாற்றவொண்ணாதது என்றும் கருத்துரைத்தது. எனவே பழைய யாப்பின் வழியே திருத்தம் செய்யாமல், அதன் தொடர்பையே அறுத்து, மக்கள் ஆணை ஒன்றிலிருந்தே புதிய யாப்பு பிறந்ததாகக் காட்டவேண்டியிருந்தது. சொந்த மண்ணில் வேர்விட்ட யாப்பு வேண்டும் என்ற அவா குறைசொல்லத் தக்கதன்று. ஆனால் அந்த வேர் எந்த மக்களின் ஆணையில் ஊன்றியது என்ற வினாவுக்குச் சபை விடை தரவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் 13 ஆசனங்களை வென்றிருந்த தமிழரசுக் கட்சியின் சார்பில், ஒற்றையாட்சித் தீர்மானத்துக்கு மாறாக உடுவில் உறுப்பினர் வி. தர்மலிங்கம் சமஷ்டித் திருத்தத்தை முன்வைத்தார், அது தோற்கடிக்கப்பட்டது. மொழி பற்றிய திருத்தங்களும் தள்ளப்பட்டபின், 1971 யூன் மாதத்தில் அக்கட்சி சபையை விட்டு வெளியேறியது.

1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த யாப்பு, நாட்டை ஒற்றையாட்சிக் குடியரசு என்றும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் உண்டு என்றும், சிங்களமே அரச கரும மொழி என்றும் விதித்தது. 29ஆம் பிரிவு மறைந்தது. இதனை வரைவித்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் ஒரு நாட்டை இரண்டாக்கும் என்று எச்சரித்தவர் என்பது இலங்கை அரசியலின் கசப்பான முரண்களுள் ஒன்று. பண்டை இந்தியாவின் வச்சிக் குடியரசினர் அடிக்கடி கூடி, ஒருமித்துக் கலந்து, ஒருமித்துப் பிரியும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்று புத்தர் பெருமான் உரைத்ததாக மகாபரிநிப்பாண சுத்தம் என்ற பௌத்த நூல் கூறுகிறது. பௌத்தத்துக்கு முதன்மை தந்த சபைக்கு இந்த ஒரு போதனையேனும் நினைவுக்கு வந்திருக்கலாம்.

காங்கேசன்துறை உறுப்பினராயிருந்த சா. ஜே. வே. செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் தம் பதவியைத் துறந்து, தமிழ் மக்கள் இந்த யாப்பை ஏற்கின்றனர் என்பது உண்மையாயின் அதனை இத்தொகுதி வாக்காளரிடமே கேட்டறியலாம் என்று அரசுக்கு அறைகூவல் விடுத்தார். குடியரசுக் கோட்பாட்டின்படி இதைவிட நேரிய முறை இல்லை. ஆணையின் பெயரால் இயற்றப்பட்டதை ஆணையாலேயே அளந்து பார்க்கும் முறை அது. ஆனால் இடைத்தேர்தல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போடப்பட்டு, 1975 பெப்ரவரி 6இல்தான் நடைபெற்றது. மயிலிட்டி உள்ளிட்ட ஊர்களுக்கு அதுவரை, புதிய யாப்பின் சட்டமன்றமான தேசிய அரசுப் பேரவையில் உறுப்பினர் இல்லை. அதே யாப்பு, 1970இல் தெரிவானவர்களே தேசிய அரசுப் பேரவையில் 1977வரை தொடர வழிசெய்திருந்ததையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகளும், எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457 வாக்குகளும் கிடைத்தன. இந்த விடையைக் கேட்டபின்னும் யாப்பின் அடிப்படை விதிகள் மாறவில்லை. மறுஆண்டு வட்டுக்கோட்டையில் தமிழருக்குத் தனியரசு கோரும் தீர்மானம் நிறைவேறியது.

1978இன் இரண்டாவது குடியரசு யாப்பு, இறைமை மக்களிடத்தே உள்ளது, அது பிறிதொருவருக்குப் பராதீனப்படுத்த முடியாதது என்று தன் 3ஆம் உறுப்புரையில் அழகாகவே சொல்கிறது. அதனை அளக்க மெய்யியலாளர் பிலிப் பெட்டிட் 1997இல் வெளியிட்ட நூலின் ஒரு கருத்து உதவும். குடியரசு தரும் சுதந்திரம் என்பது தலையீடின்மை மட்டுமன்று, ஆதிக்கமின்மை என்பது அவர் கொள்கை. அன்புள்ள எசமானிடம் அடியே வாங்காத அடிமையும் அடிமையே. அவன் நலம் இன்னொருவன் மனப்போக்கில் தங்கியிருப்பதே அதற்குக் காரணம். இந்த அளவுகோலை மயிலிட்டியில் வைத்துப் பார்ப்போம். 1990 யூனில் மயிலிட்டி மக்கள் போரால் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. போர் முடிந்து நான்காண்டுகளின் பின், 2013இல், மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதியில் 6,381 ஏக்கர் காணியைப் பகிரங்க தேவைக்காகச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பகிரங்க தேவை என்பது ரெஸ் புப்ளிக்காவின் சட்டமொழி. ஆனால் உரித்தாளரைக் கண்டறிய இயலவில்லை என்று அந்த அறிவித்தல் கூறிய வேளையில், உரித்தாளருள் பலர் சில மைல் தொலைவிலிருந்த நலன்புரி முகாம்களில் வாழ்ந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடித் தாம் இருப்பதைத் தெரியப்படுத்தவேண்டியதாயிற்று. பகிரங்க தேவையில் அந்தப் பகிரங்கமே விடுபட்டுப்போனது.

மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஏறத்தாழ 54 ஏக்கர் நிலமும் 2017 யூலை 3இல், இருபத்தேழு ஆண்டுகளின் பின், விடுவிக்கப்பட்டன. விடுவித்தல் என்ற சொல்லே உரிமையாளரைப் பெறுபவராகவும் அரசைக் கொடுப்பவராகவும் ஆக்கிவிடுகிறது. வலிகாமம் வடக்கில் எஞ்சிய காணிகளின் ஒரு பகுதி இன்னமும் படையினர் வசமே உள்ளது.