நஞ்சு போட்ட மருந்து வேடம்

(புதுவைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் நாடகம் எழுதுகிறவன். வேடம் என்பது எனது தொழிலின் மூலதனம். ஏழைக்கு மன்னன் வேடம் போடுவேன், கை தட்டுவீர்கள். கோழைக்கு வீரன் வேடம் போடுவேன், ஆரவாரம் செய்வீர்கள். திரை விழுந்ததும் மன்னன் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடுவான். எவருக்கும் கேடில்லை. ஆனால், நஞ்சு மருந்து வேடம் போட்டால்? அங்கே விழுவது திரை அல்ல, தோழர்களே! தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் உயிர்!

கற்பனை பேசுகிறேன் என்று கருதிவிடாதீர்கள். 2025-ஆம் ஆண்டில், மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவிலும் சுற்றுப்புறங்களிலும் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் கருகின. இருமல் தீரக் கொடுத்த மருந்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. அந்த மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். அது எங்கே பிறந்தது தெரியுமா? நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில்! தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் சோதித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 48.6 பங்கு டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதிலே இருந்தது. தாளத்தக்க வரம்பு நூற்றுக்கு 0.1 பங்கு. துளியும் இருக்கலாகாத இடத்தில், புட்டியில் ஏறத்தாழப் பாதி நஞ்சு!

எப்படி நுழைந்தது இது? சாறு மருந்து செய்வோர், மருந்துப் பொருளைக் கரைத்து வைக்கக் கிளிசரினையும் புரொப்பிலீன் கிளைக்காலையும் பயன்படுத்துகிறார்கள். அவை நிறமற்றவை, பிசுபிசுப்பானவை, சற்றே இனிப்பவை. தொழிற்சாலைச் சரக்கான டைஎதிலீன் கிளைக்காலும் நிறமற்றது, பிசுபிசுப்பானது, இனிப்பது. கூடுதலாக ஒரு தகுதி, விலை குறைவு! கண்ணால் கண்டறிய முடியாது. நாவால் தெரிந்துகொள்ள முடியாது. சோதனைக்கூடம் ஒன்றுதான் அந்த வேடத்தைக் கலைக்கும். சோதனையைச் செய்யாமல் விடுகிறவன், சோம்பேறி அல்லன். கொலைக்குத் துணை நிற்பவன்.

இந்த நஞ்சு நேற்று முளைத்ததா? இல்லை. 1937-இல் அமெரிக்க நாட்டில், சல்ஃபனிலமைடு மருந்தை இதே நஞ்சில் கரைத்து விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றைய சட்டத்தில், விற்றவர்மீது சுமத்த முடிந்த குற்றம் என்ன தெரியுமா? சாராயம் கலவாத மருந்துக்கு, சாராயம் கலந்ததைக் குறிக்கும் 'எலிக்சர்' என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள் என்பதுதான்! பிணம் குவிந்ததற்கு வழக்கில்லை. பெயர் பிழைத்ததற்கு வழக்கு! வெட்கிய அந்த நாடு, அடுத்த ஆண்டே, 1938-இல், புதுச் சட்டம் கண்டது. நாம்? 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் மாண்டார்கள். நீதிபதி லென்டின் விசாரித்து அறிக்கை தந்தார். 1998-இல் குர்கான். 2020-இல் ஜம்முவின் ராம்நகர். 2022-இல், இந்திய நாட்டுச் சாறு மருந்துகள் கடல் கடந்து சென்ற காம்பியா. ஊர் மாறிற்று, ஆண்டு மாறிற்று, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் கதை மட்டும் மாறவில்லை.

'சட்டம் இல்லையோ?' என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? 1930-இல் சோப்ரா குழு அமைத்தார்கள். 1931-இல் அறிக்கை வந்தது. 1940-இல் மருந்துச் சட்டம் பிறந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய புதுவைக்கு, அச்சட்டம் 1963 அக்டோபர் முதல் நாள் வந்து சேர்ந்தது. 2008-இல் திருத்தினார்கள்; போலி மருந்தால் உயிர் போனால், செய்தவனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் முழுதும்கூடச் சிறை. சட்டத்துக்குப் பல் உண்டு, தோழர்களே! கடிக்கத்தான் மனம் வரவேண்டும்.

மனம் வந்ததா? 2025-இன் இறுதியில் இந்தப் புதுவையே தலை குனிந்ததே! பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரிலே போலி மருந்து தயாரித்து விற்றதாக எழுந்த வழக்கை நாடே பார்த்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் கூறட்டும். நான் கூற வருவது வேறு. ஒரு மாத்திரை என்றால் மாவும் வண்ணமும் மட்டுமா? 1952-இல் அமெரிக்காவில், ஒரே குளிகைக்குள் சிறு சிறு மணிகளை அடைத்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் கரையும்படி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றோ, இரைப்பையின் அமிலத்துக்குத் தப்பிக் குடலில் மட்டும் கரையும் மேலுறை உண்டு. ஒரு நாள் முழுதும் சிறுகச் சிறுக மருந்தை வெளியிடும் மாத்திரை உண்டு. எத்தனை அறிஞர்கள், எத்தனை இரவுகள்! போலிக்காரன் தாளைப் பார்த்துத் தாள் அச்சடிப்பான். வண்ணத்தைப் பார்த்து வண்ணம் பூசுவான். கரையவேண்டிய நேரத்தைப் பார்த்து எதைப் பூசுவான்?

அந்த வேறுபாட்டை அறிந்தவர் மருந்தாளுநர். பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர், மருத்துவர் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுக்கலாகாது என்கிறது 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம். பிரான்சோ, 1803-லேயே தேர்ச்சி பெறாதவனுக்கு மருந்துக் கடை இல்லை என்று விதித்த நாடு. இன்றும் அங்கே கடைக்கு உரிமையாளர் மருந்தாளுநரே. இங்கோ பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. சான்றிதழுக்கு உரியவர் எங்கே என்றால், வாடகை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறார்! நாடகத்தில் நாயகன் வராமல் அவன் படத்தை மேடையில் மாட்டினால் பொறுப்பீர்களா? உயிர் காக்கும் மேடையில் மட்டும் ஏன் பொறுக்கிறீர்கள்?

சிலர் முணுமுணுப்பர்: "கண்டிப்புக் காட்டினால் சிறு கடைகள் மூடும், ஏழைக்கு மருந்து கிடைக்காது." நியாயமான அச்சம்தான். விடையும் அருகிலேயே இருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றிற்று. மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இருத்தி, ஒவ்வொரு தொகுதியின் மாதிரியையும் சோதனைக்கு அனுப்பி, அதன் பின்னரே மருத்துவமனைக்கு வழங்கும் முறையை நிறுவிற்று. சோதனையும் மலிவும் பகைவர்கள் அல்லர். ஒரே வீட்டில் வாழக்கூடிய உடன்பிறப்புகள் என்று மெய்ப்பித்த முறை அது.

அரசு செய்யவேண்டியது இது: மூலப்பொருள் சோதனையின்றிச் சாறு மருந்து ஆலையை விட்டு வெளியேறக் கூடாது, ஆய்வாளர் இடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது, தரம் தவறிய மருந்தின் தொகுதி எண், கிடைத்த அன்றே தமிழில் ஊரெங்கும் அறிவிக்கப்படவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியதும் உண்டு. கோரிமேட்டு மருத்துவமனையிலிருந்து சீட்டோடு வரும் விழுப்புரத்துத் தாயிடமும், கடலூர்த் தந்தையிடமும் சொல்லுங்கள்: ரசீது கேட்டு வாங்குங்கள், தொகுதி எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நஞ்சென்று ஒரு தொகுதி அறிவிக்கப்படும் நாளில், உங்கள் வீட்டுப் புட்டியை அடையாளம் காட்டுவது அந்தச் சிறு காகிதமே. ஐயம் எழுந்தால், 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு உங்கள் கையில் இருக்கிறது. விலைக்கு வாங்கிய மருந்தை, உரிய கட்டணம் கட்டி, அரசு பகுப்பாய்வாளரிடம் ஒப்படைக்கலாம். அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். அது அமைச்சர் தரும் சலுகை அல்ல, குடிமகனின் உரிமை!

நாளை மருந்துக் கடைக்குப் போவீர்கள். பணத்தை நீட்டுமுன், பணிவோடு ஆனால் உரக்கக் கேளுங்கள்: "ஐயா, மருந்தாளுநர் எங்கே?" ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். ஊரே கேட்டால், சுவரில் தொங்கும் சான்றிதழுக்கு உரியவர் கடைக்கு வந்தே தீரவேண்டும். கேளுங்கள், தோழர்களே!