கப்பல் பட்டியலை நாம் எப்படி வாசிப்பது?

(சன்னிவேல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நாம் குடும்ப வரலாறு எழுதும் பயிற்சியைத் தொடங்கப் போகிறோம். அதற்கு முன்னால் கப்பல் ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசச் சொன்னாங்க. ஒரு கப்பலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சான் டியாகோ துறைமுகத்தில் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற பழைய பாய்மரக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. இங்கிருந்து காரில் எட்டு மணி நேரம்தான், உங்களில் சிலர் குழந்தைகளோடு போயிருப்பீர்கள். 1863இல் மான் தீவில் கட்டிய இரும்புக் கப்பல் அது. அப்போது அதன் பெயர் யூட்டர்பி. 1865இல் சென்னைக்கு அருகே வங்கக் கடலில் புயலில் மாட்டிக்கொண்டு, பாய்மரங்களை வெட்டிவிட்டுத் தப்பித்தது. பிறகு 1871 முதல் கால் நூற்றாண்டு காலம் பிரிட்டனிலிருந்து நியூசிலாந்துக்கு வெள்ளைக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. அதில் போனவர்கள் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றைக்கும் வந்து, பாட்டன் நின்ற அதே மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியும். 'கடல்சார் பாரம்பரியம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அதே காலத்தில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 384 கப்பல் பயணங்களில் 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களுடைய நாட்குறிப்பை யாரும் அச்சிடவில்லை. இருப்பது பட்டியல்தான்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கு பாருங்க. முதலில் ஒரு எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடல் அடையாளம்: எங்கே தழும்பு, எங்கே மச்சம். இதை எழுதியவனுக்கு வரலாறு எழுதும் எண்ணமே கிடையாது. ஆள் ஓடிப்போனால் பிடிக்கணும், அதுக்குத்தான் தழும்பு. சம்பளக் கணக்கு, நீதிமன்ற வழக்கு, மரணப் பதிவு என்று அந்த எண் சாகும்வரை ஒருவரைத் தொடர்ந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. முதல் ஆண்டு கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டு என்று 1895இல் சட்டம் போட்டார்கள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் அந்த வரி ஒழிந்தது. இந்தக் கதையில் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் வழியாக நமக்குத் தெரிந்த பெயர் தில்லையாடி வள்ளியம்மை, அவ்வளவுதான்.

(இங்கே சிலர் எச்-1பி விசாவை நவீன ஒப்பந்தக் கூலி முறை என்கிறார்கள். முதலாளியின் கையில் விசா இருக்கும் அநியாயம் எனக்கும் தெரியும், எங்கள் வீடும் அதில்தான் பல வருஷம் ஓடியது. ஆனாலும் அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. கரும்புக் காட்டில் அடிபட்டவருக்கு அது மரியாதை இல்லை.)

நேட்டால் எனக்கு எப்படி வந்தது என்று சொல்றேன். எங்கள் அப்பாயி மயிலாடுதுறைப் பக்கம். அவங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். "அவரு நெட்டாலு போனாரு, அப்புறம் தகவலே இல்ல" என்று அப்பாயி ஒரே வரியில் முடிச்சிடுவாங்க. எங்கள் சித்தப்பா ஏழு தலைமுறைக்கு ஒரு குடும்ப மரம் வரைந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். யாருக்கு எத்தனை வேலி நிலம் இருந்தது என்பதுவரை அதில் உண்டு. இந்தத் தம்பி இல்லை. பெண்களும் இல்லை. 'மனைவி' என்று மட்டும் ஒரு கட்டம் இருக்கும், உள்ளே பெயர் இருக்காது.

நேட்டால் பட்டியல்களை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. தேட ஆரம்பித்தால் முதலில் எழுத்துக்கூட்டலில் முட்டிக்கொள்வீர்கள். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார். முதலியார் 'மூட்லி', கவுண்டர் 'கவெண்டர்'. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முனுசாமிகளுக்கு முடிவே இருக்காது. தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்து பொருந்தினால்தான் அது நம்ம ஆள். அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பெயரோடு நிறுத்தாதீங்க. அவர் அப்பா பெயர் என்ன, எந்த ஊர், அந்த ஊரைப் பழைய ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள்.

தேடும்போது என்னைத் திகைக்க வைத்தது பெண்களின் வரிகள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் வேண்டும் என்று அரசு விதி வைத்திருந்தது. குடும்பத்தோடு போனவர்கள் உண்டு, தனியாகக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. ஒவ்வொருத்திக்கும் தனி எண், சொந்தப் பெயர், வயது, ஊர். எங்கள் சித்தப்பா வரைந்த மரத்தில் ஒரு பெண்ணுக்கும் கிடைக்காத வரி, ஆள் பிடித்துக்கொண்டு போனவனின் கணக்கில் கிடைக்கிறது. அவன் நல்லவன் என்பதால் இல்லை, அவளுடைய உழைப்பையும் எண்ண வேண்டியிருந்தது என்பதால். கயுத்ரா பகதூர் என்ற எழுத்தாளர் 1903இல் கல்கத்தாவிலிருந்து தனியாக, கர்ப்பிணியாக பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பல் ஏறிய தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவருக்கும் இந்த மாதிரி ஆவணங்கள்தான் வழி.

இப்போது சாதி. இதில் நமக்குள்ளே சண்டை வரும், வரட்டும்.

பட்டியலில் சாதிக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சிலருக்கு 'மலபார்' என்றும் சிலருக்கு 'கிறிஸ்தவர்' என்றும்கூட எழுதியிருக்கிறார்கள். கப்பலில் எல்லாரும் ஒரே அடுப்புச் சோறுதான் சாப்பிடணும். கரை இறங்கும்போது வேறு சாதி சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. பிறகு அந்தப் பட்டங்களே அங்கே குடும்பப் பெயர்களாகிவிட்டன: நாயுடு, பிள்ளை, படையாச்சி. ஆக, அந்தக் கட்டத்தைப் பார்த்து ஒருவரின் சாதியை உறுதியாகச் சொல்வது ஆபத்து. ஆனால் அதை அழித்துவிட்டு வாசிப்பதும் பொய். தஞ்சை மாவட்டத்தில் யார் கப்பல் ஏறும் நிலைக்குத் தள்ளப்பட்டார், யார் வேலிக் கணக்கில் நிலத்தோடு ஊரிலேயே இருந்தார் என்பதற்கு சாதி இல்லாமல் பதில் கிடையாது.

நம் பயிற்சிக்கான படிவத்தில் சாதி கேட்கலாமா என்று சில தோழர்கள் கேட்டிருந்தீர்கள். கேட்டால்தான் சாதி வரும் என்ற வாதத்தை எஸ்பி 403 மசோதாவின்போது இங்கே எல்லா நகரமன்றக் கூட்டத்திலும் கேட்டுச் சலித்துவிட்டோம். 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதை நிராகரித்ததும் நினைவிருக்கும். என் கருத்து இதுதான்: படிவத்தில் 'உங்கள் சாதி என்ன' என்று கேட்க வேண்டாம். 'உங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததா? அதில் நடவு நட்டது யார்? அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? உங்கள் வீட்டுக்குள் வந்தார்களா?' என்று கேட்போம். நிலம் வைத்திருந்த சாதியில் பிறந்த எங்களைப் போன்றவர்கள் இதற்கு முழுசா பதில் எழுதணும், சாதிப் பெயர் உட்பட. அந்த நிலத்தில் உழைத்த குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் எதை எழுதுவது, எதை விடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். இரண்டு பேருக்கும் ஒரே விதி வைப்பது சமத்துவம் மாதிரி தெரியும், ஆனால் சமத்துவம் இல்லை.

அப்பாயியிடம் போன வாரம் இதே கேள்விகளைப் போனில் கேட்டேன். நடவு நட்டவர்களின் பெயர் நாலைந்து உடனே சொன்னாங்க, தெருவும் சொன்னாங்க. "அவங்கள்லயும் ரெண்டு பேரு அவரோட கப்பலுக்குப் போனதா எங்க பாட்டி சொல்லுவா" என்றும் சொன்னாங்க. இது எனக்குப் புதுசு. இப்போது நான் தேடும் வரிகள் மூன்று.

படிவத்தின் வரைவு இந்த மடலோடு இருக்கிறது. சாதி பற்றிய பகுதியில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பயிற்சிக்கு முன்பே எழுதி அனுப்புங்கள், சேர்த்தே விவாதிப்போம். வரும்போது உங்கள் வீட்டில் 'போனார், அப்புறம் தகவல் இல்லை' என்று சொல்லப்படும் ஒருவரின் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும், ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க.