இது யார் வேலை?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் எனக்கு போன் செய்து, "வாழ்க்கையில ஜெயிச்சது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். ஜெயித்த கதை சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். ஆகவே நான் தவறிய கதை ஒன்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக மனசுக்குள்ளேயே வைத்திருந்த கதை. மாணவர்கள் முன்னால் சொல்லிவிட்டால் யாருக்காவது பயன்படும்.

1994-ஆம் ஆண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே பிரஸ் ஷாப்பில் நான் ஷிப்ட் இன்ஜினீயர். காலையில் சென்ட்ரலிலிருந்து லோக்கல் பிடித்து, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி இறங்கினால், டிபன் பாக்ஸோடு ஒரு கூட்டமே சிப்காட்டை நோக்கி நடக்கும். அதில் நானும் ஒருவன். சட்டைப் பையில் இரண்டு பேனா, தலைக்குள் கொஞ்சம் கனம்.

பவர் பிரஸ் மெஷின் எப்படி இயங்கும் என்று இயந்திரவியல் படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தகட்டை உள்ளே வைத்து பட்டனை அழுத்தினால், மேலிருந்து பல டன் அழுத்தத்தோடு அச்சு இறங்கும். கை உள்ளே இருந்தால் கதை முடிந்தது. அதனால்தான் பட்டனை இரண்டாக வைத்திருப்பார்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே போக மூன்றாவது கை ஏது?

ஒருநாள் நான் சுற்றி வரும்போது, ஒரு மெஷினில் ஒரு பட்டனைக் கம்பி வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தேன். அதாவது, ஒரு கையால் அழுத்தினாலே போதும், மற்ற கை தகடு எடுக்கலாம், வைக்கலாம். பார்த்தேன். நின்றேன். "இதை மெயின்டெனன்ஸ் பார்த்துக்கொள்ளும், சேஃப்டி ஆபீசர் பார்த்துக்கொள்வார்" என்று நினைத்தபடி நகர்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வரி எழுதியும் வைக்கவில்லை.

பதினோராம் நாள், இரண்டாவது ஷிப்டில், பத்தொன்பது வயசு கான்ட்ராக்ட் பையன் ஒருவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுடைய அம்மா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார், அழுவார் என்று நினைத்து என்னென்னவோ பதில் தயார் பண்ணிக்கொண்டு போனேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்கதானே சார் அங்க பெரியவரு?"

நண்பர்களே, நான் தயார் பண்ணிக்கொண்டு போன பதில் ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே அன்று சொல்லியிருந்தது. சட்டம் இருந்தது, பட்டன் இருந்தது, பார்க்க இலாகா இருந்தது. பார்த்தவன் நான் ஒருவன். இத்தனையும் இருந்தும் விரல் போயிற்று.

விசாரணை நடந்தது. கம்பி கட்டியது யார் என்று தேடினார்கள். நான் ஒரு மூத்த ஆபரேட்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் அண்ணே கட்டறீங்க?" என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரெண்டு கையும் வெச்சு அமுக்கினா எண்ணிக்கை வராது சார். 1800 இருந்ததை 2400 ஆக்கிட்டீங்களே."

ஷிப்டுக்கு 2400 பீஸ் என்று போர்டில் சாக்பீஸால் எழுதியவன் நான்தான். மேலிடத்தில் நல்ல பெயர் வாங்க எழுதியது. கம்பியைக் கட்டியது யாரோ ஒருவர், கட்ட வைத்தது என் எண்ணிக்கை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். "யார் தப்பு?" என்று தேடிக்கொண்டே போனால் சில சமயம் அந்த வழி சுற்றி வந்து நம் வீட்டு வாசலிலேயே முடியும்.

அதன்பிறகு செய்தது பெரிய சாதனை ஒன்றுமில்லை. முதலில் எண்ணிக்கையைப் பழையபடி 1800 ஆக்கினேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. அடுத்து அந்த ஆபரேட்டரையும் உட்கார வைத்து யோசித்தோம். தகடு தானாகவே வழுக்கி உள்ளே போக ஒரு சரிவுத் தட்டு, முடிந்த பீஸைக் காற்றால் தள்ளிவிட ஒரு குழாய், முன்னால் கம்பி வலைத் தடுப்பு. யோசனையில் பாதி அவருடையது. ஆறு மாதத்தில் கையை உள்ளே விடாமலே 2200 வந்தது. மூன்றாவதாக, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். என்ன பார்த்தேன், யாரிடம் சொன்னேன், என்ன தேதி, மறுபடி எப்போது பார்த்தேன் என்று நான்கு கட்டம். பார்த்ததை எழுதாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பிக்கு இ.எஸ்.ஐ. மூலம் தொகை வந்தது. கருவி ஸ்டோரில் வேலையும் கிடைத்தது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான். ஆனால் விரல் வரவில்லை. நான் செய்த சீர்திருத்தம் எல்லாம் பதினோரு நாள் தாமதமானது. அந்தக் கணக்கு நேராகவே ஆகாது.

இப்படி நான் ஒரு ஷெட்டுக்குள்ளே தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் பக்கத்திலேயே ஒருவர் ஒரு ஊரையே தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பூந்தமல்லிக்கு மேற்கே குத்தம்பாக்கம். அவர் இளங்கோ ரங்கசாமி. நம்மில் பலரைப் போல அவரும் பொறியியல் படித்தவர். சென்னை ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்து, எண்ணெய் நிறுவனத்திலும் பிறகு சி.எஸ்.ஐ.ஆரிலும் வேலை பார்த்தவர். சொந்த ஊரில் கள்ளச்சாராயம், சாதிச் சண்டை, வீட்டுக்கு வீடு அடிதடி. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1996-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நின்று ஊராட்சித் தலைவரானார். திருவள்ளூர் தனி மாவட்டமானதே அதற்குப் பிறகு, 1997-இல்தான். 2001-இல் மறுபடியும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் ஊரில் கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. கிரானைட் தொழிற்சாலைகளில் மிஞ்சும் கழிவுக் கல்லைக் கொண்டுவந்து, மதிப்பீட்டைவிட மிகக் குறைந்த செலவில் கட்டினார். பாராட்டு வரும் என்றுதானே நினைப்போம்? விதிப்படி கட்டவில்லை என்று இடைநீக்கம் வந்தது. அவர் கிராம சபையைக் கூட்டினார். ஊரே அவர் பக்கம் நின்றது. இடைநீக்கம் ரத்தாயிற்று. கணக்கை ஊர் முன்னால் திறந்து வைத்திருந்ததால் ஊர் நின்றது. நல்லது செய்கிறேன் என்று தனியாக ஓடுகிறவனுக்கு அந்தப் பலம் கிடைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய்ச் சுற்றிப் பார்த்தேன். அவரைச் சந்திக்க வாய்ப்பில்லை. அங்குள்ள சமத்துவபுரத்தைத்தான் பார்த்தேன். ஊர் மக்களே அழுத்திச் செய்த மண் கற்களால் கட்டிய இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் மற்ற சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றேன். சண்டை போடுகிற இருவரை ஒற்றுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஒரே சுவரை இருவருக்கும் பொதுவாக்கி, அதை அவர்களையே கட்ட வைப்பது வேலை.

திரும்பி வரும்போது எனக்குள் ஒரு கேள்வி. நான் குடியிருந்தது கவரைப்பேட்டை பக்கம், ஒரு கிராம ஊராட்சியில். அங்கே கிராம சபை எங்கே கூடும் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த அக்டோபர் 2-ஆம் தேதி முதன்முதலாகப் போனேன். கூட்டம் என்று சொல்ல முடியாது, பதினைந்து பேர். ஒவ்வொரு மழைக்கும் ஒரு தெருவில் தண்ணீர் புகுகிறது என்று ஒரு அம்மா பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு, டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். சிறுபாலத்துக் குழாய் தெருவைவிட முக்கால் அடி உயரத்தில் பதிக்கப்பட்டிருந்தது. பிறகு தண்ணீர் எப்படிப் போகும்? அளவை எழுதித் தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னோம். குழாயை மாற்ற இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் மாற்றினார்கள். நான் செலவழித்தது ஒரு விடுமுறை நாளும், பத்து மீட்டர் டியூபும், நம் கல்லூரி சர்வே வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடமும்தான்.

மாணவத் தம்பி தங்கைகளே! எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. நானே விடவில்லை, அடுத்த வருஷம்தான் ஓய்வு பெறுகிறேன். ஆனால் கிராமத்தில் ஓட்டு இருப்பவர்கள் எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்தது, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று மேலும் இரண்டு நாள் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு ஆகியிருக்கிறது. ஒருநாளாவது போய் உட்காருங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் தெரு இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் எங்கேயாவது ஒரு கம்பி கட்டியிருக்கும். பார்த்தால் நில்லுங்கள், எழுதுங்கள், சொல்லுங்கள், மறுநாளும் போய்ப் பாருங்கள். கூடவே, அந்தக் கம்பியைக் கட்ட வைத்ததில் உங்கள் பங்கு என்ன என்றும் கேட்டுப் பாருங்கள்.

"நீங்கதானே சார் அங்க பெரியவரு?" என்று உங்களையும் ஒருநாள் யாராவது கேட்பார்கள். அன்றைக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கட்டும். என்னிடம் அன்று இல்லை.